பால் பல்லுக்கு மயக்க மருந்து

எண்பதுகளின் நடுவில் தர்மபுரி மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பல் டாக்டராக இருந்தேன். மெட்ராஸில் படிப்பு முடித்து நேராக வந்து சேர்ந்த முதல் வேலை. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, காலால் மிதித்து உயர்த்தும் நாற்காலி ஒன்று, குறடுகளைக் கொதிக்க வைக்க ஒரு எவர்சில்வர் பெட்டி. நாற்காலி பெரியவர்களுக்கானது. குழந்தை வந்தால், சலூனில் செய்வதுபோலக் கைப்பிடிகளின் மேல் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார வைப்போம்.

குழந்தைகளுக்குப் பல் எடுக்க எனக்குத் தெரிந்த வழி எளிமையானது. வார்டு போர்வையில் கழுத்துவரை சுற்றிவிட வேண்டும். அட்டெண்டர் காலைப் பிடித்துக்கொள்வார், அப்பா தலையைப் பிடித்துக்கொள்வார். அம்மாவை வராந்தாவுக்கு அனுப்பிவிடுவோம். பற்களுக்கு நடுவில் ஒரு கட்டையைச் செருகினால் வாய் மூடாது. ஊசி போட்டு, மரத்துப்போவதற்காகச் சற்றுக் காத்திருந்து, எடுத்துவிட வேண்டியதுதான். எங்கேயும் அப்படித்தான் செய்தார்கள். பெற்றவர்களும் அதையே எதிர்பார்த்தார்கள். நான் தயங்கினால், "நீங்க எடுங்க டாக்டரம்மா, நாங்க புடிச்சுக்கிறோம்" என்பார்கள்.

கல்லூரியில் வேறு மாதிரியும் பார்த்திருந்தேன். ஒரு பேராசிரியர் குழந்தையின் மூக்கில் ரப்பர் மூடி ஒன்றை வைத்து, சிரிக்கவைக்கும் வாயுவை மெதுவாகத் திறந்துவிடுவார். குழந்தை தூங்காது. கண்ணைத் திறந்தபடி, யாரோ கதை சொல்வதைக் கேட்பதுபோல உட்கார்ந்திருக்கும். கேட்டால் பதில்கூடச் சொல்லும். எங்கள் ஆஸ்பத்திரியிலும் அந்த வாயு இருந்தது. சேலத்திலிருந்து சிலிண்டரில் வரும். ஆனால் அது ஆபரேஷன் தியேட்டரைத் தாண்டி வெளியே வராது. மூக்கு மூடியும் கிடையாது. குழந்தைகள் வார்டில் தூக்க சிரப் இருந்தது. முழுவதுமாக மயங்கவைக்கும் ஊசியோ மயக்க மருந்து டாக்டரிடம் இருந்தது. ஒரு பால் பல்லுக்காக அவரிடம் போய் நிற்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அந்தக் குழந்தை பென்னாகரத்திலிருந்து வந்தாள். ஐந்து வயதுப் பெண். ஒகேனக்கல் போகிற ரோட்டில் அவள் அப்பாவுக்கு பேக்கரி. பன், வர்க்கி, தேங்காய் பிஸ்கட் எல்லாம் அங்கேயே சுடுவார்கள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து பிள்ளை கடையிலேயே வளர்ந்ததாகவும், கண்ணாடி ஜாடிகள் எல்லாம் அவளுடையதுதான் என்றும் அப்பா சொன்னார். இடது கன்னம் வீங்கி, காதுக்குக் கீழே தோல் பளபளத்தது. காய்ச்சல் இருந்தது. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

பலகையில் உட்கார வைத்ததும் அவள் உதடுகளை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டாள். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். கீழே போட்டுவிட்டாள். "ஒண்ணும் செய்ய மாட்டேன் பாப்பா, ஆ காட்டு, பாத்துட்டு விட்டுடறேன்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "நக்கோ" என்றாள். கன்னத்தில் விரல் வைத்தேன். சட்டென்று திரும்பிக் கடித்துவிட்டாள். கையுறையெல்லாம் ஆபரேஷனுக்கு மட்டும் என்றிருந்த காலம். விரலில் ரத்தம் வந்தது.

அப்பா பதறிப்போனார். "மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா. இவ இப்படி இல்லீங்க. போன மாசம் சந்தையில பல்லு புடுங்கிறவர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நாலு பேரு புடிச்சோம். பாதிப் பல்லு ஒடைஞ்சு உள்ளயே நின்னுடுச்சு. அதுலேர்ந்து யாரு பக்கத்துல வந்தாலும் வாயை மூடிக்கிறா. சோறு ஊட்டணும்னாகூட இவங்கம்மாதான் ஊட்டணும்."

"நக்கோன்னா வேணாம்னு அர்த்தமா?"

"ஆமாங்க. எங்க வூட்டுல உருதுதான். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் புரியும் அவளுக்கு."

கடைசியில் அம்மா மடியில் படுக்கவைத்து, அவர் ஏதோ சொல்லிச் சொல்லி, ஒரு கணம் வாய் திறந்தபோது டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேன். ஐந்து பற்கள் எடுக்க வேண்டியவை. இரண்டு வெறும் வேர்கள். உடைந்த பல்லைச் சுற்றிச் சீழ். சீழ் இருக்கும் இடத்தில் மரக்கும் ஊசி சரியாக வேலை செய்யாது. போர்வையில் சுற்றிப் பிடித்தால், இரண்டு தாடையிலும் ஊசி, அதுவும் பாதி மரத்த நிலையில் எடுக்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது. மறுபடியும் சுற்றிப் பிடிக்க வேண்டும். அது வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் வீக்கம் வடிய வேண்டும். குழந்தைகள் வார்டில் சேர்த்து பென்சிலின் போட்டோம். காய்ச்சல் விட்டது, கன்னம் சின்னதானது. வீட்டுக்கு அனுப்பும்போது அப்பாவிடம் சொன்னேன்: "அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. தூக்க மருந்து குடுத்துப் பாப்போம். அரைத் தூக்கத்துல இருந்தா கொஞ்சம் கொஞ்சமா எடுத்துடலாம்."

"தூங்கினா எழுந்துக்குவா இல்லீங்களா?"

"சிரப்தாங்க. வார்டுல குழந்தைகளுக்கு எடைக்கு ஏத்த மாதிரி அளந்துதான் குடுப்போம். எழுந்துக்குவா."

சிரப் கொடுத்த நாளை என்னால் மறக்க முடியாது. காலையில் வெறும் வயிற்றில் குடிக்க வைத்தோம். வராந்தா பெஞ்சில் அம்மா மடியில் சாய்ந்திருந்தாள். கண் சொக்கியது. சரி என்று குறடுகளை எடுத்து வைத்துவிட்டு வெளியே வந்தால், அவள் மடியிலிருந்து இறங்கி, கால் பின்ன நடந்து, ஊசிக்கு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு ஒரு நொடியில் அழுகையானது. அப்பா தூக்கப்போனால் அவர் சட்டைப் பையைக் கிழித்தாள். மருந்து சில குழந்தைகளுக்கு இப்படித் தலைகீழாக வேலை செய்யும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். நேரில் அன்றுதான் பார்த்தேன். மதியம் வரை பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம் அப்பா சொன்னார்: பஸ் கிளம்பிய உடனே தூங்கியவள், மறுநாள் காலையில் அடுப்பில் முதல் பன் வெந்து இறங்கும் வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம்.

அதற்குப் பிறகுதான் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போனேன். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர்தான். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, விபத்துக் கேஸ் என்று அவருக்கு நாள் முழுக்க வேலை இருக்கும். தியேட்டர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பல்லுக்கா?" என்றார். "அதுவும் பால் பல்லுக்கா? தானா விழப்போற பல்லும்மா அது."

"விழறதுக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும் சார், சிலது. இப்பவே ஒரு தடவை சீழ் வச்சிருச்சு."

"புடிச்சு எடுத்துடு. எல்லாரும் அப்படித்தானே செய்யறீங்க."

கடிபட்ட விரலைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வயித்துல ஆபரேஷன்னா சர்ஜன் வயித்துல வேலை பாப்பாரு, நான் வாய்ப்பக்கம் உக்காந்து மூச்சைப் பாத்துக்குவேன். பல்லுன்னா அப்படி இல்ல. நீ வேலை பாக்கறதும் அந்த வாய், அவ மூச்சு விடறதும் அந்த வாய். ரத்தம் ஒரு சொட்டு உள்ள போனாலும் தொண்டை இறுகிக்கும். அதுக்குத்தான் யோசிக்கிறேன். வேலை கூடுதுன்னு இல்ல."

"தெரியும் சார்."

"புள்ளையைக் கூட்டிட்டு வா. பாக்கறேன்."

பார்த்தார். அவளிடம் உருதுவில் ஏதோ கேட்டார்; அவர் வீட்டுப் பேச்சும் அதுதான். அவள் முதன்முறையாக அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்குப் பதில் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருக்கு மட்டும் வாயைத் திறந்து காட்டினாள். எட்டிப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார். "வெள்ளிக்கிழமை வேணாம், சனிக்கிழமை முதல் கேஸா வச்சுக்கலாம்" என்றார். அப்பாவிடம் திரும்பி, "ராத்திரி சாப்பாட்டோட சரி. காலையில தண்ணிகூடக் கூடாது. வயித்துல ஏதாவது இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள்ள போயிடும். புரியுதுங்களா?" என்று தமிழில் ஒருமுறையும் உருதுவில் ஒருமுறையும் சொன்னார்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். தியேட்டர் சிஸ்டர் பச்சைத் துணி மாட்டிவிட்டார். மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஏதாவது சாப்பிட்டாளா என்று அப்பாவிடம் கேட்டார். "இல்லீங்க" என்றார் அப்பா. உடனே டாக்டர் குனிந்து, ரொம்பச் சாதாரணமாக, குழந்தையிடமும் அதையே கேட்டார். அவள் முகம் மலர, "வர்க்கி" என்றாள்.

 அம்மாதான் முதலில் பேசினார், கணவரிடம், உருதுவில். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியவேண்டிய அவசியமும் இல்லை.

"பஸ்ல அழுதுக்கிட்டே வந்தாளுங்க," என்றார் அப்பா. "பையில இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான். அது வாயில வச்சா கரைஞ்சு போயிடுமுங்க, வயித்துல என்ன தங்கப் போவுது?"

"இன்னிக்கு இல்ல," என்றார் டாக்டர்.

"நாங்க பென்னாகரத்துலேர்ந்து வரோம் சார். கடையைப் பூட்டிட்டு வரோம்."

"நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. இன்னிக்கு நான் மருந்து குடுத்து ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்கு நீங்க கடையைத் திறக்க மாட்டீங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க."

அப்பா கோபித்துக்கொண்டுதான் போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இனி சேலத்துக்கே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அம்மா பின்னால் போனவர் திரும்பி வந்து, "அடுத்த சனிக்கிழமைதானுங்களே?" என்று என்னிடம் கேட்டுவிட்டு ஓடினார்.

அடுத்த சனிக்கிழமை அம்மாதான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா இரண்டு எட்டு பின்னால், வெறும் கையோடு வந்தார். இந்தத் தடவை டாக்டர் கேட்டபோது அவள் கோபமாக, ஒன்றும் தரவில்லை என்று அம்மாவைக் காட்டிக்கொடுத்தாள்.

தூங்கும் வரை அம்மா உள்ளே இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அது வழக்கமில்லை. செருப்பைக் கழற்றி, புர்காவின் மேல் ஒரு தியேட்டர் அங்கியைப் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் பிள்ளையோடு உட்கார்ந்தார். மடியில் இருந்தபடியே தொடையில் ஊசி போட்டார்கள். ஒரு அழுகை. அதன்பின் சிணுங்கல். கொஞ்ச நேரத்தில் தலை அம்மாவின் கைமேல் கனமாகச் சாய்ந்தது.

கண்கள் மூடவில்லை. அந்த மருந்தில் அப்படித்தான். ஆள் எங்கோ போய்விடுவார், கண் திறந்திருக்கும். கருவிழி மட்டும் மெல்லப் பக்கவாட்டில் ஆடும், எதையும் பார்க்காது. எங்களுக்கு அது பழக்கம். பழக்கமாக இருந்ததாலேயே அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பிறகு எங்கள் யாரையும் கேட்காமல், உள்ளங்கையை அவள் நெற்றியிலிருந்து கீழே தடவி இமைகளை மூடினார். கையை எடுத்ததும் இமைகள் மெதுவாகத் திறந்துகொண்டன. திரும்ப மூடினார். திரும்பத் திறந்தன. அவர் வாயிலிருந்து வந்த சத்தம் அழுகை இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம்தான்.

டாக்டர் அவர் கையைப் பிடித்து, பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். உருதுவில் சொன்னார். மூச்சு வருது பார், தூங்கறா, இப்படித்தான் தூங்குவா என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா கையை அங்கேயே வைத்திருந்தார். சிஸ்டர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனபோதும் பின்பக்கமாகவே நடந்தார்.

மேஜையில் படுக்கவைத்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினோம். தொண்டைப் பக்கம் நூல் கட்டிய துணி ஒன்றை வைத்தேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால், ரத்தத்தை உறிஞ்சக் காலால் மிதிக்கும் சக்‌ஷன். சிஸ்டர் மிதித்துக்கொண்டே இருந்தார். முதல் மூன்று பற்கள் நினைத்ததைவிட எளிதாக வந்தன. சொத்தை முற்றிய பால் பல்லின் வேர் பாதி கரைந்திருக்கும், குறடில் பிடித்தால் ஒரு அசைவுதான். உடைந்த பல் மட்டும் நேரம் எடுத்தது. அதை நெம்பும்போது சீழும் ரத்தமுமாக வந்தது. சக்‌ஷன் உறிஞ்சுவதற்குள் கொஞ்சம் உள்ளே போயிருக்க வேண்டும்.

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சேவல் கூவ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியதுபோல. நெஞ்சு மேலே இழுத்தது. காற்று போகவில்லை.

"கையை எடு," என்றார் டாக்டர்.

எடுத்தேன். துணியை உருவினேன். அவர் தாடையை முன்னால் தள்ளி ஆக்ஸிஜன் மூடியை முகத்தில் அழுத்தி, மற்றக் கையால் அதோடு சேர்ந்த காற்றுப் பையை அமுக்கினார். உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் வேர் ஒட்டிய குறடோடு சுவரோரமாக நின்றேன். சிஸ்டர் மிதிப்பதை நிறுத்தவில்லை, குழாய் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. டாக்டர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பை லேசாக, தானாக அசைந்தது. இன்னொரு முறை அசைந்தது. கூவல் சத்தம் திரும்ப வந்து, மெல்லச் சாதாரண மூச்சாக இறங்கியது.

உதடு சிவந்த பிறகு என்னைப் பார்த்தார். "இன்னும் எத்தனை?"

"ஒண்ணு."

"அவசியமா?"

பார்த்தேன். மேல் தாடையின் வலதுபக்கக் கடைவாய்ப் பல். சொத்தைதான், ஆனால் சீழ் இல்லை. "விட்டுடறேன்," என்றேன். அவர் தலையசைத்தார்.

பக்கத்து அறையில் ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து அவளைப் படுக்கவைத்தோம். அந்த மருந்திலிருந்து வெளியே வருகிறவர்கள் சத்தத்திலும் வெளிச்சத்திலும் மிரண்டுபோவார்கள். அம்மாவும் அப்பாவும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் பேச ஆரம்பித்தாள். சுவரைக் காட்டி, கூரையைக் காட்டி, கையால் எதையோ பிடிக்கப் பார்த்தாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"மாவு பறக்குதாம்," என்றார் அப்பா. "எல்லாம் வெள்ளையா இருக்குதாம். கடையில இருக்கிறதா நெனைச்சுக்கிறா."  அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

அம்மா எதையும் மொழிபெயர்க்கவில்லை. உதடுகள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தன. மதியத்துக்கு மேல் அவள் ஒருமுறை வாந்தியெடுத்தாள். அதன்பின் தெளிந்து, அம்மாவைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாள். நாக்கை விட்டுத் துழாவி, பல் இருந்த இடங்களைக் கண்டுபிடித்து ஆச்சரியப்பட்டாள். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசி போட்டதுகூட ஞாபகமில்லை. சாயங்காலம் அப்பா தோளில் உட்கார்ந்து, வாசலில் கரும்பு வண்டியைக் காட்டிக்கொண்டே போனாள்.

விட்டுவைத்த பல்லைக் கவனிக்க மாதம் ஒருமுறை வரச் சொன்னேன். வந்தார்கள். இப்போது அவசரம் எதுவும் இல்லை. வாயைத் திற, வலிக்கிறதா, முடிந்தது என்று இரண்டு மூன்று உருதுச் சொற்களை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் சிரித்தாள். முதல் மாதம் பலகையில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அடுத்த மாதம் கண்ணாடியை வாய்க்குள் விட்டேன். அப்புறம் பஞ்சு. ஊசியைக் கண்டதும் "நக்கோ" என்றாள். மருந்தை மூடி வைத்துவிட்டு, பல்லைச் சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். ஊசி போடாமலேயே அந்தப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டு போனோம். அதற்கு யாரும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. நேரம் மட்டும் கொடுத்தோம். எல்லாக் குழந்தைகளுக்கும் அது நடக்காது. சீழும் காய்ச்சலுமாக வருகிற குழந்தைக்குக் கொடுக்க அத்தனை மாதங்கள் கிடையாது.

அப்படி வந்த ஒரு நாளில், பிள்ளை வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "அன்னிக்கு உள்ள அவளுக்கு வலிச்சிருக்குமுங்களா?"

"இல்லீங்க. அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஞாபகமும் இருக்காது."

"அவளுக்கு இல்ல," என்றார். "சரிதான். கேட்டேன், சும்மா."

கொஞ்சம் கழித்து, "நான் கண்ணை மூடினேன், அது தொறந்துக்கிச்சு," என்றார்.  எழுந்து, பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் இன்னும் சில குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் முந்தின நாளே தாயை உட்காரவைத்து, போர்வை, சிரப், ஊசி என்று இருக்கிற வழிகளையெல்லாம் சொல்வேன். ஊசி என்றால் கண் திறந்தே இருக்கும், பயப்படக்கூடாது, மூச்சை மட்டும் பாருங்கள் என்பேன். அதைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. கடத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி அப்படிப் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். "நான் உள்ள வரலீங்க. நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லி, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.